சிறுத்த இரைப்பையும் புதிய உணவுப் பழக்கமும்

குடல்வால் அழற்சிக்கோ குடலிறக்கத்திற்கோ சத்திர சிகிச்சை செய்துகொண்டவர், காயம் ஆறும் வரை ஓய்வெடுத்துக்கொண்டு, பின்னர் பழையபடியே உண்டு உழைக்கலாம். அவரைப் பொறுத்தவரையில் சிகிச்சை முடிந்துவிட்டது. உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் சத்திர சிகிச்சை செய்துகொண்டவரின் நிலை இதற்கு நேர்மாறானது. சத்திர சிகிச்சைக் கூடத்தில் அவர் கழிக்கும் நேரம் இரண்டொரு மணிதான். அதன்பின் வீட்டுச் சமையலறையில் தொடங்கும் சிகிச்சைக்கோ முடிவு என்பதே இல்லை. எதை முதலில் உண்பது, எவ்வளவு உண்பது, எப்பொழுது நிறுத்துவது, எப்பொழுது நீர் அருந்துவது ஆகிய யாவற்றையும் அவர் மீண்டும் குழந்தையைப் போல் கற்றுக்கொள்ள வேண்டியவராகிறார்.

இச்சிகிச்சை பெரும்பாலும் நகரங்களிலுள்ள ஆஸ்பத்திரிகளில் செய்யப்படுகிறது. நோயாளியோ சில நாட்களிலேயே ஊர் திரும்பிவிடுகிறார். அதன் பின்னர் அவரை நாள்தோறும் காண்பவர் சத்திர சிகிச்சை நிபுணர் அல்லர். துணைச் சுகாதார நிலையத்துச் செவிலியும், கிராமத்துச் சுகாதார ஊழியரும், உடன் வேலை செய்யும் ஆசிரியருமே ஆவர். அவர் நலமுடன் தேறுவதும், தேறாமல் நலிவதும் ஓரளவுக்கு இவர்கள் என்ன அறிந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே, இவ்விஷயத்தைப் பற்றிய அடிப்படை உண்மைகளைக் களப்பணியாளரும் ஆசிரியரும் தெரிந்துகொள்வது அவசியமாகும்.

பருமனும் பற்றாக்குறையும்

நம் நாட்டில் உணவுப் பிரச்சினை என்றால் பற்றாக்குறை என்றே நெடுங்காலம் பொருள் கொள்ளப்பட்டது. இன்று நிலைமை இருமுகப்பட்டதாக உள்ளது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களில் 24 சதவிகிதத்தினரும், ஆண்களில் ஏறத்தாழ 23 சதவிகிதத்தினரும் அளவுக்கு மீறிய எடை உடையவர்கள். அதே கணக்கெடுப்பில், அதே வயதுப் பெண்களில் 57 சதவிகிதத்தினர் இரத்தசோகை உடையவர்களாகக் காணப்பட்டனர். உடல் பருத்திருப்பதாலேயே ஒருவருக்குச் சத்துக் குறைவு இல்லை என்று கூறிவிட முடியாது என்பது இவ்விரு எண்களையும் சேர்த்துப் பார்க்கும்போது விளங்கும். இதனை மனத்திற் கொண்டால் பின்வரும் செய்திகளின் முக்கியத்துவம் தெளிவாகும்.

பருமனை அளப்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் ஈவே உடல் நிறைக் குறியீட்டெண் எனப்படும். 1.5 மீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ளவருக்கு இவ்வெண் 40 ஆகும். 1991-ஆம் ஆண்டில் அமெரிக்க நிபுணர்கள் வகுத்த நெறிப்படி, 40-க்கு மேற்பட்டவர்களுக்கும், 35-க்கு மேற்பட்டு நீரிழிவு முதலான கடும் நோய்கள் உள்ளவர்களுக்கும் இச்சிகிச்சை தகும் எனக் கொள்ளப்பட்டது. ஆசிய மக்களிடம் நீரிழிவு குறைந்த எடையிலேயே தோன்றுவதால், 2022-இல் வெளியான சர்வதேச நெறிமுறைகள் இவர்களுக்குரிய வரம்பை 27.5 வரை தாழ்த்தியுள்ளன. எனினும், எண் ஒன்றைக் கொண்டே சிகிச்சை முடிவு செய்யப்படுவதில்லை. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மருந்தும் பயனளித்தனவா என்பதையும், வாழ்நாள் முழுதும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள அவர் ஆயத்தமாக இருக்கிறாரா என்பதையும் ஆராய்ந்த பின்னரே நிபுணர்கள் இதனைப் பரிந்துரைக்கின்றனர்.

குறையே மருந்தானது

இச்சிகிச்சை தோன்றிய வரலாறு சுவையானது. முற்காலத்தில் இரைப்பைப் புண்ணுக்கு மருந்து பயன்படாதபோது, இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி நீக்கிவிடுவது வழக்கம். அவ்வாறு சிகிச்சை பெற்றவர்கள் பின்னர் எடை கூடாமல் மெலிந்தே இருந்தனர். இதனை ஒரு குறையாகவே வைத்தியர்கள் கருதிவந்தனர். அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்ட் மேசன், சிகாஷி இட்டோ என்னும் இரு நிபுணர்கள் இக்குறையையே பருமனுக்கு மருந்தாக்கலாம் என்று கருதி, 1966-இல் இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைச் செய்தனர். இன்று வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துவாரங்கள் வழியே கருவிகளைச் செலுத்தி இது செய்யப்படுகிறது.

இப்பொழுது பெரிதும் கையாளப்படும் முறைகள் இரண்டு. முதலாவது முறையில், இரைப்பையின் வெளிவளைவு ஓரமாக நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி அகற்றப்படுகிறது. எஞ்சியிருப்பது சட்டைக் கையைப் போன்ற ஒரு குறுகிய குழாய். ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய இரைப்பை, இதன்பின் 100 அல்லது 150 மில்லி லிட்டர் அளவே கொள்ளும். இரண்டாவது, மேசன் காட்டிய வழியில் வளர்ந்த மாற்றுவழி முறை. இதில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் கொள்ளும் ஒரு சிறு பை பிரிக்கப்பட்டு, அது சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரே இணைக்கப்படுகிறது. உணவு, இரைப்பையின் பெரும் பகுதியையும் சிறுகுடலின் முதற் பகுதியையும் தொடாமலே கடந்து செல்கிறது.

இரைப்பை சிறுத்துவிடுவதால்தான் எடை குறைகிறது என்று எண்ணுவது முழு உண்மையன்று. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் இரைப்பையின் மேற்பகுதியில் மிகுதியாகச் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதனைக் கண்டுபிடித்தனர். முதல் முறையில் அப்பகுதி அகற்றப்படுவதால் பசி வெகுவாகத் தணிகிறது. அன்றியும், உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியை விரைந்து அடையும்போது, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்கு அறிவிக்கும் வேறு சில ஹார்மோன்கள் பெருகுகின்றன. நீரிழிவு உள்ளவர்களில் பலருக்கு, எடை குறையத் தொடங்கும் முன்னரே இரத்தத்தில் சர்க்கரையின் அளவு இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, அவர்கள் பழைய அளவிலேயே நீரிழிவு மருந்தைத் தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மயக்கம் உண்டாகலாம். மருந்தின் அளவை டாக்டர் திருத்தியமைத்தாரா என்பதைக் கேட்டறிவது களப்பணியாளரின் முதற் கடமையாகும்.

நீரிலிருந்து சோறு வரை

இரைப்பையை வெட்டிய இடம் உலோக ஊசிகளால் தைக்கப்பட்டிருக்கும். அத்தையல் உறுதிப்படுவதற்கும் வீக்கம் வடிவதற்கும் சில வாரங்கள் ஆகும். அதுவரை உணவு படிப்படியாகவே உயர்த்தப்படுகிறது. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நாட்கணக்கில் சிறு வேறுபாடு இருப்பினும், வரிசை ஒன்றே.

முதல் ஓரிரு நாட்களுக்கு நீரும், வடிகட்டிய பருப்புத் தண்ணீரும், காரமில்லாத காய்கறிச் சாறும் தரப்படுகின்றன. இரண்டாவது வார முடிவு வரை ஆடை நீக்கிய பால், மோர், நீர்க்கக் காய்ச்சிய ராகிக் கஞ்சி முதலிய திரவங்கள் உதவும். மூன்றாவது, நான்காவது வாரங்களில் குழைய வெந்த பருப்பு, தயிர், மசித்த பனீர், மசித்த முட்டை, கட்டியின்றிக் கடைந்த கிச்சடி ஆகியவை சேர்க்கப்படும். ஐந்தாவது வாரம் முதல் இட்லி, வெந்த காய்கறி, முள் நீக்கிய மீன் போன்ற மென்மையான பண்டங்கள் வரும். ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின் வீட்டார் உண்பதையே இவரும் சிறிதளவு உண்ணலாம். அப்பொழுதும், காய்ந்த சப்பாத்தி, ஒட்டிக்கொள்ளும் சோறு, நாரோடு கூடிய மாமிசம் ஆகியவை பலருக்குத் தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்வது போன்ற துன்பத்தைத் தரும்.

தொடக்க நாட்களில் பெருங் கஷ்டம் பசியன்று. போதுமான நீரை உட்கொள்வதே ஆகும். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் நீரைக் குடிக்க இயலாது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. 15 நிமிஷத்திற்கு ஒரு முறை 30 மில்லி லிட்டர் வீதம் பருகினால், ஒரு மணி நேரத்தில் 120 மில்லி லிட்டர் ஆகும். பன்னிரண்டரை மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் சேர்ந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்துப் பருகுவது வேடிக்கையாகத் தோன்றினாலும், அது உடலில் நீர் வற்றாமல் காக்கும் வழியாகும். சிறுநீர் அடர்ந்த நிறமாகவும் குறைவாகவும் போவது நீர் போதவில்லை என்பதற்கு அடையாளம்.

உண்ணும் முறை

புதிய இரைப்பைக்கு ஏற்ற பழக்கங்கள் சிலவே. ஆனால், அவை பிறந்தது முதல் பழகிய முறைக்கு மாறானவை.

முதலாவது, உணவும் நீரும் ஒன்றாகச் செல்லலாகாது. நீர் அருந்திக்கொண்டே உண்டால், சிறிய இரைப்பை உடனே நிரம்பி வாந்தி வரலாம். அன்றியும் உணவை அது விரைவில் கீழே தள்ளிவிடும். உண்ட பின் அரை மணி நேரம் கழித்தே நீர் அருந்த வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு கவளமும் சிறிதாக இருத்தல் வேண்டும். அதனை 20, 25 முறை மென்று கூழாக்கிய பின்னரே விழுங்க வேண்டும். ஒரு வேளை உணவுக்கு 20 முதல் 30 நிமிஷம் செலவாகும். சாப்பாட்டுத் தட்டைக் காட்டிலும் சிறு தட்டும், சிறு கரண்டியும் இதற்கு உதவுகின்றன.

மூன்றாவது, நெஞ்சின் அடிப்பகுதியில் இறுக்கம் தோன்றிய உடனே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு வாய்தானே என்று உண்ணும் அந்த ஒரு வாய்தான் வாந்தியில் முடிகிறது.

நான்காவது, புரதமே முதலில் உண்ணத்தக்கது. எடை குறையும்போது கொழுப்பு மட்டுமன்றித் தசையும் கரைகிறது. அதனைத் தடுக்க நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 கிராம் புரதமேனும் வேண்டும். நமது வழக்கத்தில் தட்டின் நடுவே சோறோ ரொட்டியோ இருக்கும். பருப்பும் காயும் அதற்குத் துணை. இனித் துணையே தலைமை பெற வேண்டும். 400 மில்லி லிட்டர் பாலில் அல்லது அதிலிருந்து கிடைக்கும் தயிரில் 13 கிராம், இரண்டு முட்டையில் 12 கிராம், 60 கிராம் பருப்பில் 14 கிராம், 50 கிராம் பனீரில் 9 கிராம், 25 கிராம் சோயாத் துண்டுகளில் 12 கிராம் என ஏறத்தாழ 60 கிராம் புரதம் சேரும். இத்தனையையும் சிறிய இரைப்பையில் ஒரே வேளையில் நிரப்ப முடியாது. நாளில் ஐந்தாறு முறை சிறிது சிறிதாக உண்டால்தான் கணக்கு நிறைவுறும். தொடக்க வாரங்களில் டாக்டர் கூறும் புரதப் பொடியைப் பாலிலோ மோரிலோ கலந்து பருகுவதும் உண்டு.

ஐந்தாவது, இனிப்பு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். மாற்றுவழி முறைச் சிகிச்சை பெற்றவர் பாயசமோ சர்க்கரை மிகுந்த பானமோ அருந்தினால், அது ஒரேயடியாகச் சிறுகுடலில் இறங்குகிறது. அதனை நீர்க்கச் செய்வதற்காக உடலின் நீர் குடலுக்குள் பாய்கிறது. 10 முதல் 30 நிமிஷத்திற்குள் வயிற்று வலி, வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவை உண்டாகின்றன. இதற்கு டம்ப்பிங் என்று பெயர். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குப் பின், இன்சுலின் மிகையாகச் சுரந்ததன் விளைவாகச் சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் மயக்கமும் ஏற்படுவதுண்டு. இது இதய நோய் என்று வீட்டார் அஞ்சக்கூடும். என்ன உண்டார் என்று கேட்டால் பெரும்பாலும் காரணம் விளங்கிவிடும். எனினும், அது அடிக்கடி நிகழுமாயின் டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வறுமை

எடை குறைந்து, ஆடைகள் தளர்ந்து, மூட்டு வலி நீங்கி, நோயாளி உற்சாகமாக இருக்கும் காலத்திலேயே உள்ளுக்குள் ஒரு வறுமை தோன்றலாம். இரும்புச் சத்து முக்கியமாகச் சிறுகுடலின் முதற் பகுதியில் உடலிற் சேர்கிறது. மாற்றுவழி முறையில் உணவு அப்பகுதியைத் தொடுவதே இல்லை. வைட்டமின் பி-12 உடலிற் சேர்வதற்கு இரைப்பையில் சுரக்கும் அமிலமும், அங்கேயே உண்டாகும் ஒரு விசேஷப் புரதமும் வேண்டும். இரைப்பையை வெட்டிய பின் இவை குறைந்துவிடுகின்றன. சுண்ணாம்புச் சத்தின் கதியும் இத்தகையதே.

இதிலுள்ள வஞ்சகம் யாதெனில், குறை உடனே வெளிப்படுவதில்லை. வைட்டமின் பி-12 ஈரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிக்கப்பட்டிருக்கும். சேமிப்பு உள்ளவரை ஒன்றும் தெரியாது. நலமாகத்தானே இருக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். சேமிப்புத் தீர்ந்த பின் இரத்தசோகையும், பாதங்களில் மரமரப்பும், நினைவுத் தளர்ச்சியும் தலைகாட்டும். மாமிசமும் முட்டையும் உண்ணாதவரிடம் இச்சேமிப்புத் தொடக்கத்திலேயே குறைவு. பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடைய நாட்டில் இரும்புச் சத்தின் சேமிப்பும் அவ்வாறே.

ஆகவே, வைட்டமின் மாத்திரை, இரும்பு, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை. பி-12 மாத்திரையாகவோ ஊசியாகவோ தரப்படும். இரும்பையும் சுண்ணாம்புச் சத்தையும் ஒருங்கே விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். இரண்டிற்கும் இடையே 2 மணி நேரம் விடவேண்டும். இரும்பு மாத்திரையைத் தேநீருடன் உட்கொள்வதும் பயனைக் குறைக்கும். முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒரு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் மாதத்திற்கும் ஆறாம் மாதத்திற்கும் இடையே தலைமயிர் உதிர்வது பலரைக் கலங்கச் செய்கிறது. எடை விரைந்து குறைவதன் விளைவு அது. பெரும்பாலும் தானே நின்று மயிர் மீண்டும் வளரும். புரதமும் இரும்பும் போதுமானவையா என்று பார்ப்பதற்கு இதனை ஒரு நினைவூட்டலாகக் கொள்ளலாம்.

வாந்தியை அலட்சியம் செய்யலாகாது

இவை அனைத்தினும் அவசரமானது வைட்டமின் பி-1 எனப்படும் தயாமின். பி-12 ஆண்டுக்கணக்கில் சேமிப்பில் இருப்பது. தயாமினோ இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்காது. சத்திர சிகிச்சைக்குப் பின் ஒருவர் விடாமல் வாந்தி எடுத்துக்கொண்டு, உண்ண முடியாமல் இருப்பாராயின், அக்குறுகிய காலத்திற்குள்ளேயே அச்சேமிப்பு வற்றிவிடும். அதன் விளைவு பெரிபெரி நோய்.

பெரிபெரி நம் நாட்டு விஞ்ஞான வரலாற்றில் தனி இடம் பெற்றது. பட்டை தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்த மக்களிடையே அது பரவியிருந்த காலத்தில், 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சிதான் நமது உணவாராய்ச்சிக்கு வித்திட்டது. அந்த ஆராய்ச்சிக்கூடம் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டு, 1969-இல் தேசிய உணவூட்ட நிலையம் என்னும் பெயர் பெற்றது. அரிசியின் தவிட்டோடு போய்விடும் சத்து எது என்பதை உலகம் அறிந்த பின் அந்நோய் பெரிதும் ஒடுங்கியது. இன்று அதே நோய், பஞ்சத்தினால் அன்றி, சிகிச்சைக்குப் பின் கவனிக்கப்படாத வாந்தியினால் மீண்டும் தலையெடுக்கக்கூடும்.

அதன் அறிகுறிகளைக் களப்பணியாளர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கால்களில் எரிச்சலும் மரமரப்பும், தரையிலிருந்து எழ இயலாத பலவீனம், தள்ளாடும் நடை, பொருள்கள் இரண்டாகத் தெரிதல், கண்கள் நிலைகொள்ளாமல் அசைதல், பேச்சிலும் சிந்தனையிலும் குழப்பம் ஆகியவை அவை. மூளையைத் தாக்கும் வகையை ஜெர்மானிய வைத்தியர் கார்ல் வெர்னிக்கே 1881-இல் விவரித்தார். தாமதித்தால் நடையும் நினைவும் நிரந்தரமாகக் கெடும். உயிருக்கும் அபாயம் நேரலாம். உரிய காலத்தில் தரப்படும் தயாமின் ஊசியோ மிகவும் எளிய, விலை குறைந்த மருந்து.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை உண்டு. வாந்தியால் சோர்ந்தவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது ஊர்தோறும் உள்ள வழக்கம். தயாமின் வற்றிய உடலில் குளுக்கோஸை மட்டும் செலுத்தினால், அதனை எரிப்பதற்கு எஞ்சியிருக்கும் சிறிதளவு தயாமினும் செலவாகி, நோய் திடீரென்று முற்றிவிடக்கூடும். ஆகவே தயாமினை முன்னதாகவோ உடனோ கொடுத்தாக வேண்டும். இந்நோயாளி இரைப்பைச் சத்திர சிகிச்சை செய்துகொண்டவர் என்ற ஒரு வாக்கியத்தை ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் தவறாமல் சொல்வதே ஒருவரைக் காப்பாற்றிவிடலாம். தழும்புகள் மிகச் சிறியவையாதலால், சொல்லாவிடில் டாக்டர் அறிய வழியில்லை.

காலதாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய வேறு அறிகுறிகளும் உண்டு. முதல் சில வாரங்களில் காய்ச்சல், தணியாத வயிற்று வலி, இடது தோளில் வலி, நிமிஷத்திற்கு 120-ஐ எட்டும் நாடித் துடிப்பு ஆகியவை தையல் வழியே கசிவு ஏற்பட்டிருப்பதைக் காட்டலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீர் மூச்சுத் திணறல், இரத்தம் கட்டியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். மலம் கருந்தாராகப் போவது உள்ளே இரத்தக் கசிவு இருப்பதை உணர்த்தும். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் கடைகளில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளில் பல, குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்குவன. டாக்டரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது. புகையும் அத்தகையதே. மதுவோ, முன்னைக் காட்டிலும் விரைவாக இரத்தத்தில் ஏறி மிகுந்த கேட்டை விளைவிக்கும்.

வீடும் பள்ளியும்

ஒரு பள்ளி ஆசிரியை இச்சிகிச்சை பெற்று வேலைக்குத் திரும்பியிருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை முதல் மாலை வரை தொடர்ந்து பேசுபவர் அவர். 15 நிமிஷத்திற்கு ஒரு முறை நீர் பருக அவருக்கு வகுப்பில் வசதி வேண்டும். பத்து நிமிஷ இடைவேளையில் அவரால் அவசரமாக உண்ண முடியாது. மதிய உணவுக்கு அரை மணி நேரமும், நடுவில் ஒரு கிண்ணம் தயிரோ ஒரு முட்டையோ உண்ணச் சிறிது நேரமும் கிடைக்குமாறு தலைமை ஆசிரியர் பாட அட்டவணையைச் சற்று மாற்றியமைத்தால் அதுவே பேருதவி. உடன் பணிபுரிவோர் பிறந்தநாள் இனிப்பை வற்புறுத்தித் திணிப்பதும், "இவ்வளவுதானா சாப்பாடு?" என்று வியப்பதும், உடல் மெலிவைப் பற்றி விமரிசிப்பதும் அன்பின் விளைவாகவே இருக்கலாம், ஆயினும் அவை அவருக்குத் துன்பம் தருவன.

விருந்தோம்பலைப் பெருமையாகக் கருதும் நாடு நமது. விருந்தாளி வேண்டாம் என்பதை மரியாதைக்காகச் சொல்வதாகக் கருதி மேலும் பரிமாறுவது நமது வழக்கம். இவர் வேண்டாம் என்றால் அது மரியாதைச் சொல்லன்று, உடலின் கட்டளை. வீட்டிலுள்ள மூத்தோருக்கு இதனை எடுத்துரைப்பது களப்பணியாளரின் வேலை. அவ்வாறே நீண்ட விரதங்களும், நீர் அருந்தா நோன்புகளும் முதல் ஆண்டில் தவிர்க்கத்தக்கன. பின்னரும் டாக்டரைக் கலந்தே மேற்கொள்ள வேண்டும்.

இளம் பெண்களைப் பொறுத்தவரை மற்றொரு செய்தி உண்டு. பருமனால் தடைப்பட்டிருந்த மாதவிடாய், எடை குறைந்ததும் சீர்பட்டு, எதிர்பாராமல் கருத்தரிக்கக்கூடும். எடை நிலைபெறும் வரை, அதாவது 12 முதல் 18 மாதங்கள் வரை, கருத்தரிப்பைத் தள்ளிப்போடுமாறு நிபுணர்கள் கூறுகின்றனர். மாற்றுவழி முறைக்குப் பின் வாய்வழி உண்ணும் கருத்தடை மாத்திரைகளை முழுதும் நம்ப இயலாதாதலால், வேறு முறையைப் பற்றி ஆலோசனை கூற வேண்டும்.

உணவு என்பது பசியைத் தீர்ப்பது மட்டுமன்று. கவலையை மறக்கச் செய்யும் துணையாகவும் பலருக்கு இருந்துவந்துள்ளது. அத்துணையைத் திடீரென இழந்தவர் சில வேளைகளில் மனச் சோர்வுக்கு ஆளாகிறார். இது பலவீனம் அன்று. பேசிக் கேட்பதற்கு ஒருவர் இருப்பதும், தேவையெனில் மனநல வைத்தியரிடம் அனுப்புவதும் சிகிச்சையின் பகுதிகளே.

நீண்ட வழி

சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆராய்ச்சியில், சத்திர சிகிச்சை பெற்ற 2,010 பேரும், பெறாத 2,037 பேரும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். 2007-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் எடை மிகவும் குறைந்து, பின்னர் சற்றுக் கூடி, ஓரளவில் நிலைபெற்றது. மாற்றுவழி முறையில் சிகிச்சை பெற்றோர் 10 ஆண்டுகளுக்குப் பின்னும் தம் பழைய எடையில் 25 சதவிகிதம் குறைந்தே இருந்தனர். சிகிச்சை பெற்றோரிடையே மரணமும் குறைவாகவே இருந்தது. சிகிச்சையின் பயன் மெய்யானது என்பதையும், எடை ஓரளவு திரும்புவது இயல்பே என்பதையும் இது காட்டுகிறது.

ஆனால், சிறிய இரைப்பை எல்லா உணவையும் ஒன்றுபோல் தடுப்பதில்லை. பருப்பும் முட்டையும் சிறிதளவிலேயே வயிற்றை நிரப்பிவிடும். பாயசமும் ஐஸ்கிரீமும், வாயில் கரையும் மிட்டாயும் தடையின்றி வழுக்கிச் செல்லும். மாலை முழுதும் நொறுக்குத் தீனியைக் கொறிப்பதற்கும் சிறிய இரைப்பை இடம் தரும். ஆகவே நாளாவட்டத்தில் காப்பது சத்திர சிகிச்சை நிபுணரின் கத்தியன்று. நாள்தோறும் நடப்பதும், நிறுத்தி உண்பதும், மாத்திரையை மறவாதிருப்பதுமே ஆகும்.

களப்பணியாளர் வீடு செல்லும்போது கேட்க வேண்டிய வினாக்கள் நான்கே: வாந்தி உண்டா? நீர் போதுமான அளவு செல்கிறதா? புரதம் என்ன உண்டார்? மாத்திரைகள் தொடர்கின்றனவா? இவற்றைக் கேட்க ஐந்து நிமிஷம் போதும். எடை எவ்வளவு குறைந்தது என்பதை ஊர் முழுதும் கேட்கும். இந்நான்கையும் கேட்பதற்குத்தான் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும்.